ஏழு சாமுராய் திரைப்படத்தில் துப்பாக்கி

ஏழு சாமுராய் (1954) அகிரா குரோசாவா இயக்கிய ஜப்பானியத் திரைப்படம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அறுவடையைக் கொள்ளையடிக்க வரும் 40 பேரிடமிருந்து ஒரு மலைக்கிராமத்தைக் காக்க ஏழு வீரர்கள் போரிடும் கதை. வாள்வீரர்களின் படம் என்றே இது பொதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் படத்தில் இறக்கும் நான்கு சாமுராய்களில் ஒருவர்கூட வாளால் இறப்பதில்லை. நால்வரும் குண்டு பட்டே இறக்கின்றனர்.

பின்னணி

போர்ச்சுக்கீசியர் வழியாக 1543இல் தனேகாஷிமா தீவில் துப்பாக்கி ஜப்பானுக்கு அறிமுகமானது. எரியும் திரியால் மருந்தைப் பற்றவைத்துச் சுடும் வகை அது. 1575இல் நாகாஷினோ போரில் ஓடா நொபுநாகாவின் படை அதைப் பெருமளவில் பயன்படுத்தியது. வாள்பயிற்சிக்குப் பல ஆண்டுகள் வேண்டும். துப்பாக்கியைச் சாதாரணக் காலாள் குறுகிய காலத்தில் பழகிவிடலாம்.

நான்கு சாவுகள்

படத்தில் கொள்ளையரிடம் இருப்பவை மூன்று துப்பாக்கிகள் மட்டுமே. முதலில் இறப்பவர் ஹெய்ஹாச்சி. எரியும் கட்டடத்தை நோக்கி ஓடும் ரிகிச்சியைத் தடுக்கச் சென்று சுடப்படுகிறார். கியூசோ தனியாகச் சென்று ஒரு துப்பாக்கியைக் கைப்பற்றி வருகிறார். அந்தப் புகழுக்கு ஏங்கும் கிகுச்சியோ காவலை விட்டுவிட்டு இன்னொன்றைக் கொண்டுவருகிறார். அவர் இல்லாத இடைவெளியில் எதிரிகள் உள்ளே நுழைகின்றனர். அந்தத் தாக்குதலில் கொரோபெய் இறக்கிறார். ஒரு துப்பாக்கியைப் பெற்றதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இறுதிப்போர் கொட்டும் மழையில் நடக்கிறது. திரித்துப்பாக்கிக்கு மழை பகை. கொள்ளையர் தலைவன் பெண்கள் ஒளிந்திருக்கும் குடிசைக்குள் புகுந்து, கூரையின் கீழிருந்து சுடுகிறான். கியூசோ சேற்றில் விழுகிறார். அடுத்துச் சுடப்படும் கிகுச்சியோ தலைவனைக் கொன்றுவிட்டே இறக்கிறார்.

மதிப்பீடு

கியூசோ அறிமுகமாகும் காட்சியில் இரு வீரர்கள் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் அளக்கின்றனர். தேர்ந்த கண்ணுக்கு மட்டுமே தெரியும் நுட்பம் அங்கே வெற்றியை முடிவுசெய்கிறது. அவரது சாவில் எதிராளியின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்புக்கூட அவருக்கு இல்லை. குரோசாவா இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவைச் சொற்களால் விளக்கவில்லை. ஓர் ஓசை, ஒரு விழுதல், அவ்வளவே. தேர்ச்சி பொருளற்றுப்போகும் காலம் வந்துவிட்டது என்பதைப் பார்வையாளரே உணர்கிறார். விவசாயி மகனான கிகுச்சியோவும் மாபெரும் வாள்வீரரான கியூசோவும் ஒரே துப்பாக்கியால் இறப்பது பிறப்பின் வேறுபாட்டையும் அழித்துவிடுகிறது.

இந்தச் சித்தரிப்பில் ஒரு குறையும் உண்டு. துப்பாக்கியைக் கொள்ளையர் கையில் மட்டும் கொடுத்து, ஒளிந்து சுடுபவனின் கருவியாகக் காட்டுவதால் அது கோழைத்தனத்தின் அடையாளமாகிறது. வரலாற்றில் அதை முறையாகப் படைகளுக்குள் கொண்டுவந்தவர்கள் சாமுராய்த் தலைவர்களே. கைப்பற்றப்பட்ட இரு துப்பாக்கிகளும் கிராமத்தின் காவலில் பெரிய பங்கு வகிப்பதில்லை. வாளின் மீதான ஏக்கம் இவ்விடத்தில் வரலாற்றை மென்மையாக்கிவிடுகிறது.

எனினும் அந்த ஏக்கத்தைப் படம் வெற்றியாக முடிப்பதில்லை. இறுதிக்காட்சியில் விவசாயிகள் பாடிக்கொண்டே நாற்று நடுகின்றனர். எஞ்சிய மூவர் மேட்டிலுள்ள நான்கு புதைகுழிகளின் கீழே நிற்கின்றனர். குழிகளின் மேல் வாள்கள் நடப்பட்டுள்ளன. அவற்றை இனி எடுத்துச் சுழற்ற யாரும் வரப்போவதில்லை.