மரம் வேண்டாத தூளி

தூளி ஸ்டாண்டை விற்பவர்கள் முதலில் சொல்வது, "மரமே தேவையில்லை" என்பதைத்தான். பொய் இல்லை. இரு முனையிலும் மும்மூன்று கால்களை விரித்து, மேலே நீளக் குழாயைப் பூட்டினால் பொட்டல் வெளியிலும் தூளி தொங்கும். ஆனால் மரம் முடிச்சுப் போட மட்டுமா இருந்தது? காற்றையும் அதுதான் தடுத்தது. மரம் வேண்டாம் என்று கிளம்பியவர் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம், காற்று நேராக அடிக்கும் திறந்தவெளி.

ஏற்காட்டில் ஒரு நவம்பர் இரவை அப்படிக் கழித்தேன். மழையைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. பக்கத்து டென்ட்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றபோது, எனக்குக் கீழே தண்ணீர் ஓடியது, முதுகு நனையவில்லை. (குளிர்ந்தது. அடியில் புகும் காற்று சூட்டைப் பறித்துவிடும். கீழே விரித்த போர்வை உடல் எடையில் நசுங்கி உதவாமல் போகும். தூளிக்கு வெளியே, அடியில் தொங்கவிட வேண்டும்.) கயிற்றின் வழியே தூளிக்குள் வரும் நீருக்கும் வைத்தியம் உண்டு: தூளிக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் ஒரு பழந்துணிக் கிழிசலைக் கட்டினால், நீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

தோற்றது காற்றிடம். மழைக்காகத் தூளிக்கு மேல் விரித்த தார்ப்பாயின் உச்சிக் கயிற்றை ஸ்டாண்டிலேயே கட்டியிருந்தேன். 3 மீட்டர் சதுரப் பாய். ஒரு சரிவின் பரப்பு 4.5 சதுர மீட்டர். மணிக்கு 40 கி.மீ. காற்று அதில் நேராக மோதினால், தோராயமாக 35 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. 60 கி.மீ. என்றால் 80 கிலோவை நெருங்கும். நான் படுத்திருந்தவரை என் எடை ஸ்டாண்டை அழுத்திப் பிடித்திருந்தது. நள்ளிரவில் ஒன்றுக்குப் போக எழுந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன், பின்னால் குழாய் கிறீச்சிட்டது. திரும்பினால், ஒரு பக்கக் கால்கள் அந்தரத்தில் நிற்கின்றன.

பிழையில் பாதி என்னுடையது. ஸ்டாண்ட் ஆளைச் சுமக்கட்டும். பாயைத் தரை பிடிக்கட்டும். அதற்குத் தனிக் கோல்கள் வேண்டும். ஊறிய மண்ணில் சாண் நீள முளை ஆடும் பல்லைப் போலக் கையோடு வந்துவிடும் என்பதால் முழ நீள முளைகளும் வேண்டும். சிலிக்கான் பூசிய நைலான் பாய் நனைந்தால் தொய்யும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. எல்லாவற்றையும் கட்டித் தூக்கிப் பார்த்தால், ஓர் ஆள் டென்ட்டைவிடச் சுமை கூடுதல். இந்த மறுபாதிப் பிழையை என்னால் ஏற்க முடியாது. அது பொருளின் குறை.

மரத்தடியே மேல் என்றும் சொல்லிவிட முடியாது. புயல் காற்றில் கிளை முறிந்து விழும். அந்த ஓர் ஆபத்து ஸ்டாண்டில் இல்லை. இடி மின்னலில் மட்டும் வாதமே வேண்டாம்: திறந்தவெளியில் குழாயையும் தூளியையும் விட்டுவிட்டுக் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

ஆக, கார் கூப்பிடு தூரத்தில் நிற்க, காற்றில்லாமல் பெய்யும் மழைக்கு, தரையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என் போன்றவர்களுக்கு இது காசுக்கு ஏற்ற பொருள். தோளில் சுமந்து மலை முகட்டுக்கு ஏறுகிறவர் டென்ட்டே வாங்கட்டும்.