ஆடுகளும் மேய்ப்பனும்

ஆங்கிலத்தில் ‘ஷீப்பிள்’ என்றொரு கொச்சைச் சொல் வழங்குகிறது. ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்பதையும், மக்களைக் குறிக்கும் ‘பீப்பிள்’ என்பதையும் ஒட்டிச் செய்த கலப்புச் சொல் அது. 1945-ஆம் ஆண்டிலேயே அச்சில் ஏறியது. 2017-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் இடம்பெற்றது. தாமாகச் சிந்தியாமல் பிறர் சொன்ன வழியே செல்வோர் என்பது அதன் பொருள்.

சொல் சுருக்கமானது, சுவையுங்கூட உண்டு. ஆயினும் ஒரு பெருங்குறை அதனிடம் இருக்கிறது. ஆட்டைப் பழிக்கும் அச்சொல் மேய்ப்பனைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனை வழங்குவோர் தம்மை அம்மந்தையில் சேர்த்து எண்ணுவதுமில்லை.

நம் வழக்கைப் பாருங்கள். இத்தகையோனை நாம் ‘எடுப்பார் கைப்பிள்ளை’ என்கிறோம். அங்கே பிள்ளையோடு எடுப்பாரும் நிற்கிறார். ‘பூம்பூம் மாடு’ என்கிறோம். அம்மாட்டைத் தலையாட்டப் பழக்கியவன் ஒருவன் உண்டென்பது கேட்டவுடனே விளங்குகிறது. யாருடைய நலத்துக்காக இத்தலையாட்டல் என்று வினவ நம் சொற்கள் வழிவிடுகின்றன.

இவ்வினா நமக்குப் புதிதன்று. மலாயாத் தோட்ட முதலாளிமார், அடங்கி நடப்பவர் என்று கருதியே தமிழரை விரும்பி அழைத்தனர். கங்காணியின் சொல்லும், அவனிடம் பட்ட கடனும் நம்மவரைக் கட்டிவைத்தன. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்க வேண்டுமென்பது முறையாயிருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். சைக்கிளை விட்டிறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்று கேட்டனர். அரசாங்கம் பட்டாளத்தை அழைத்தது, தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தியது. ஆடுகளாயின் அவற்றை அடக்கப் பட்டாளம் எதற்கு?

ஆயினும் தோழர்களே, பழியை மேய்ப்பன் மீது சுமத்திவிட்டு நாம் ஓய்ந்திருக்க இயலாது. கைப்பேசியில் வந்த வதந்தியை ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்புவோர் நம்மிடையே இல்லையா? சொன்னவர் யாரென்று பாராமல், சொன்னதன் உண்மையை ஆராய்வதே வள்ளுவர் வகுத்த அறிவின் இலக்கணம்.

தஞ்சோங் கிளிங்கில் வாழும் நமக்குப் பிறர் இட்ட பெயரின் கனம் தெரியும். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகக் கூறப்படும் ‘கிளிங்’ முன்னர் ஒரு மக்களைச் சுட்டியது, பின்னர் வசையாயிற்று. பெயர் சூட்டிவிட்டால் அம்மனிதரை அறிய வேண்டிய கடமை தீர்ந்ததென்று எண்ணுவது எளிது. ஆகவே பிறரை ஆடென்று அழைக்குமுன், அவர்களை ஓட்டிச் செல்லும் கோல் யார் கையில் இருக்கிறதென்று பார்ப்போம். அக்கோல் நம்மையும் ஓட்டுகிறதா என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.