வாக்காளரிடம் மட்டும் மறைத்த பத்திரம்

கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "பெட்டியில் வருகிறது" என்பதே நெடுங்காலம் நம் ஊர்ப் பதிலாக இருந்தது. நிறுவனங்கள் நன்கொடை தருவதை 1969இல் தடை செய்தார்கள். கொடுப்பது நிற்கவில்லை, கணக்கில் வருவதுதான் நின்றது. 1985இல் தடை நீங்கிய பிறகும் ரொக்கப் பழக்கம் போகவில்லை. அதற்கு மாற்று என்றுதான் 2017 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி தேர்தல் பத்திரத்தை அறிவித்தார்.

ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில் பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே பத்திரங்களை விற்றது. ரொக்கத்துக்குக் கிடைக்காது, வாங்குபவர் அடையாள ஆவணம் தர வேண்டும். அவர் தரும் பத்திரத்தைக் கட்சி 15 நாட்களுக்குள் தன் கணக்கில் செலுத்திவிட வேண்டும். கடந்த தேர்தலில் 1 சதவீத வாக்காவது வாங்கியிருக்க வேண்டும் என்பதால் லெட்டர்பேடு கட்சிகளுக்கு இடமில்லை. இவை உண்மையான நன்மைகள். வங்கி வழியாகப் போன பணம் என்பதால்தான், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பின்னால் தெரிந்துகொள்ள முடிந்தது. பெட்டியில் போயிருந்தால் எந்த நீதிமன்றமும் அதைத் தோண்டி எடுத்திருக்க முடியாது.

குறை ரகசியத்தில் இருந்தது. எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கும், அதனால் பெயர் வெளிவரக் கூடாது என்றார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் அந்தத் தாளைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று பளிச்சிடும். வாங்கியவர் விவரம் அரசு வங்கியிடம் இருந்தது. குற்ற வழக்கு பதிவானால் விசாரணை அமைப்புகள் அதைக் கேட்டு வாங்கலாம். கொடுத்தவர் யாரென்பது வாங்கிய கட்சிக்குத் தெரியாமலா இருக்கும்? அரசிடமிருந்து காக்காத திரை, வாக்காளரின் கண்ணை மட்டும் கட்டியது. போதாக்குறைக்கு, நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளை அள்ளித் தரலாம் என்றானது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தை ரத்து செய்தது. லாப வரம்பும் மீண்டது. யார் கொடுத்தார்கள், யார் பெற்றார்கள் என்ற பட்டியல் நீதிமன்ற உத்தரவுப்படி மார்ச்சில் வந்தது. அதிகம் பெற்றது பாஜக, சுமார் 6,000 கோடி ரூபாய். அதிகம் கொடுத்தது, அமலாக்கத் துறை விசாரணையில் இருந்த கோவை லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்: 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் திரிணமூலுக்கும், 500 கோடிக்கு மேல் திமுகவுக்கும் போனது. பத்திரமே வேண்டாம் என்று மறுத்து வழக்கும் தொடுத்த மார்க்சிஸ்ட் கட்சி போன்ற சிலரைத் தவிர, இதில் யாரும் யாரையும் கைநீட்டிப் பேச முடியாது.

பத்திரம் போனதால் நோய் தீர்ந்துவிடவில்லை. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 95 லட்சம். அவர் வாங்கித் தரும் டீ, பிரியாணி, வாடகை நாற்காலி ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகம் விலைப்பட்டியல் போட்டுக் கணக்குப் பார்க்கிறது. கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே கிடையாது. 20,000 ரூபாய் வரை கொடுத்தவர் பெயரைச் சொல்லவும் வேண்டாம். தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று மத்திய தகவல் ஆணையம் 2013இல் சொன்னதை எந்தக் கட்சியும் மதிக்கவில்லை.

ஆகவே வங்கி வழி தொடரட்டும். ரகசியம் திரும்ப வேண்டாம். கட்சிச் செலவுக்கு வரம்பும், கட்சி நியமிக்காத தணிக்கையாளரும், வாக்குப்பதிவுக்கு முன்பே நன்கொடையாளர் பட்டியலும் வேண்டும். கட்சிகள் தாமாக இவற்றைச் செய்யப் போவதில்லை. ஆண்டுதோறும் அவை தரும் நன்கொடை அறிக்கை தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், அதில் உள்ள பெயர்களைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.