நிற்கும் வீட்டை இடித்த மறுகட்டுமானம்

ஒரு குடியிருப்பைத் திட்டமிடும்போது அதில் குடியேறப் போகிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அரசாணை சொல்கிறது, கடன் தரும் வங்கி சொல்கிறது, தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. இத்தனை பேர் ஒப்புக்கொண்ட பிறகும், கட்டி முடித்த வீடுகளைப் போய்ப் பார்த்தால் யாருடைய பேச்சை எப்போது கேட்டார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. இதை உரசிப் பார்க்க, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் நடந்த மறுகட்டுமானத்தைவிடப் பொருத்தமான நிகழ்வு இல்லை என்றே நினைக்கிறேன். அங்கே பணத்துக்குப் பஞ்சம் இல்லை. உலகெங்கும் இருந்து வந்து குவிந்தது. அரசு விரைந்து முடிவெடுத்தது. வீடு கட்டித் தரத் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு முன்வந்தன. வழக்கமான சாக்குகள் எதுவும் செல்லுபடியாகாத இடம் அது. அங்கும் தவறியிருந்தால் குறை ஏற்பாட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அலை வந்து மூன்று வாரம் ஆவதற்குள், 2005 ஜனவரி 13 அன்று, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நிரந்தர வீடுகள் கட்டுவது என்று அரசாணை வெளியானது. மார்ச் 30 அன்று வந்த அடுத்த ஆணை விதிகளை வகுத்தது. வீடு ஒன்றின் மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். கிராமத்தில் 3 செண்ட் மனை, நகரத்தில் ஒன்றரை செண்ட். பரப்பு 300 சதுர அடிக்குச் சற்று மேல். புது வீடுகள் எல்லாம் கடலின் ஓத ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால்தான். அந்த எல்லைக்குள் இருப்பவர்கள் விரும்பினால் அங்கேயே இருந்துகொள்ளலாம், ஆனால் பழுதுபார்க்க உதவி கிடையாது. புது வீடு வாங்கிக்கொண்டால் பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இந்த ஆணைகளால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. தலைமுறை தலைமுறையாகப் புறம்போக்கில் குடியிருந்த குடும்பங்களுக்குச் சொந்த மனை கிடைத்தது, அதுவும் கணவன் மனைவி இருவர் பெயரிலும். கீற்றுக் குடிசையிலிருந்து கல் வீட்டுக்குப் போவது எளிய விஷயமல்ல. ஒவ்வொரு புயலுக்கும் கூரையைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். பேரிடருக்குப் பிறகு ஆண்டுக்கணக்காக மக்களைத் தற்காலிகக் கொட்டகையில் கிடக்கவிட்ட நாடுகள் உண்டு. அந்த வரிசையில் தமிழகத்தை வைக்க முடியாது.

ஆனாலும், ஊர்களுக்குள் நடந்ததைப் படிக்கும்போது மனம் ஒப்புவதில்லை. மானிடவியலாளர் ஜெனிஃபர் டுவைன் பாரன்ஸ்டைன் நாகப்பட்டினம் கடலோர ஊர்களில் ஆய்வு செய்து எழுதியவை இதில் முக்கியமானவை. அலையில் சேதமடையாத வீடுகள், குடியிருந்தவர்கள் சிறுகச் சிறுகச் சேமித்துக் கட்டிய நல்ல வீடுகள், பல ஊர்களில் இடித்துத் தள்ளப்பட்டன. வீட்டைச் சுற்றி நின்ற மரங்கள் வெட்டப்பட்டன. காண்ட்ராக்டர்களுக்குத் தேவைப்பட்டது வெறும் தரை. மரமும் பழைய சுவரும் இருந்தால் வரிசை போட முடியாது, லாரி திரும்ப முடியாது, வேலை தாமதமாகும். தரையைத் துடைத்துக் கொடுத்தால்தான் வேலை தொடங்குவோம் என்று அவர்கள் சொல்ல, ஊரும் கொடுத்தது.

அந்த மரங்களின் மதிப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மீனவர் குடும்பத்தின் பகல் பொழுதில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியில்தான் கழிகிறது. பூவரசு நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பிய பெண் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வேப்பமரத்தடியில்தான் மூச்சு வாங்குவாள். முற்றத்து மணலில் கருவாடு காயும். பின்பக்கம் விறகடுப்பு எரியும். வீட்டோரத் தென்னை கூரைக்குக் கீற்றும், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசும் தரும். புதிதாக வந்த வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. அடுத்த வீட்டுக்கும் அதே அளவு, அதே வாசல். விறகடுப்பை உள்ளே வைத்தால் புகை வெளியேற வழியில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் சூட்டை இறக்கும். குடியேறிய கொஞ்ச காலத்தில் வீட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. சமையலும் பகல் தூக்கமும் அங்கே போயின.

கட்டுமானத்தில் நீடித்த தன்மை பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் வருவது. ஆகவே சிமெண்டைக் குறைப்போம், புதுத் தொழில்நுட்பம் கொண்டுவருவோம், பசுமைச் சான்றிதழ் வாங்குவோம் என்கிறார்கள். நாகப்பட்டினத்தில் இதற்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று இருந்தது. நல்ல நிலையில் நிற்கும் வீட்டை இடித்து, அதே ஆளுக்கு அதைவிடச் சிறிய வீட்டைப் புதிதாகக் கட்டிக் கொடுப்பதற்கு எந்தச் சூழலியல் கணக்கில் இடம் உண்டு? செங்கல், சிமெண்ட், மணல் எல்லாம் இரண்டாம் முறை செலவாயின; நிழல் தந்த மரங்களும் போயின. இதைக் கண்டுபிடிக்க வல்லுநர் தேவையில்லை. அந்த வீட்டுக்காரியைத் தனியாகக் கேட்டிருந்தால், எனக்கு ஒரு கழிப்பறையும் ஒரு அறையும் சேர்த்துக் கொடுங்கள் போதும் என்று சொல்லியிருக்கக்கூடும். அப்படிச் சொல்ல விதியில் இடமில்லை. புது வீடு அல்லது ஒன்றுமில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவள் எடுக்க முடிந்தது.

மக்களைக் கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் சிக்கல். சோழமண்டலக் கடற்கரையில் ஒவ்வொரு மீனவர் ஊருக்கும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. வலுவான அமைப்பு, கடலில் யார் எந்த வலை போடலாம் என்பது முதல் குடும்பச் சண்டை வரை தீர்த்து வைப்பது. நிவாரணப் பொருள் ஊருக்குள் அடிதடி இல்லாமல் போய்ச் சேர்ந்ததில் இந்தப் பஞ்சாயத்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதன் உறுப்பினர் ஊர் வரி கட்டும் ஆண்கள் மட்டுமே. பங்கீடும் வரிக்கணக்கைப் பின்பற்றியே நடந்தது. கணவனை இழந்த பெண்ணும், தனியாகப் பிழைக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் சரியாக உட்காரவில்லை. மீன் ஏற்றி இறக்கியும் வயலில் கூலி வேலை செய்தும் பிழைத்த தலித் குடும்பங்கள் அந்த ஊருக்குள்ளேயே வரவில்லை. படகு இழந்தவனைப் போலவே, உப்பேறிய வயலில் வேலை இழந்தவனும் பாதிக்கப்பட்டவன் என்பதை ஏற்கவே நாளாயிற்று. கழிமுகங்களில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களில் பலரிடம் ரேஷன் கார்டுகூட இல்லை, பிறகு பட்டியலில் பெயர் எப்படி ஏறும்?

அலுவலர் ஊர்ப் பஞ்சாயத்தோடு பேசிக் கையெழுத்து வாங்கியதும், சமூகத்தின் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கோப்பில் எழுதப்பட்டது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்று பல பஞ்சாயத்துகள் உறுதியாக நின்றன. ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்றால் ஊர் பிளவுபடும் என்ற அவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சமத்துவத்துக்காக நிற்கும் வீட்டை விட்டுக்கொடுத்தவரும், மரத்தை இழந்த பெண்ணும் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து பேசினார்களா என்பதே என் கேள்வி. ஊர் ஒரு குரலில் பேசியது என்று எழுதப்பட்ட இடத்தில் எல்லாம், யார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இது: மக்களே கான்கிரீட்தான் கேட்டார்கள். உண்மைதான். ஓடும் கீற்றும் ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவரிடம் போய், மண் கட்டியால் கட்டிய வீடு குளிர்ச்சியானது என்று கட்டடக் கலைஞர் சொன்னால், உன் வீடு எதில் கட்டியது என்று அவர் திருப்பிக் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். மக்களைக் கேட்டால் தானாகவே பசுமை வீடு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். கேட்பது என்றால் விருப்பத்தைக் குறித்துக்கொண்டு போவதோடு முடியாது. கான்கிரீட் தளம் சூடேறும், மேலே இப்படிச் செய்தால் குறையும், இந்த மரத்தை விட்டால் இவ்வளவு நிழல் என்று விளக்கி, வரைபடத்தை மாற்றிக் காட்டி, மறுபடி கேட்க வேண்டும். கட்டி முடித்த மாதிரி வீடு ஒன்றுக்குள் நடக்கவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. தாளில் கோடாகக் கிடக்கும் சமையலறையில் புகை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அதே மாவட்டத்தில் சான்று இருக்கிறது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸோடு சேர்ந்து வீடு கட்டியது. குரியாகோஸ், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரிடம் பயின்றவர். வீட்டில் வாழப்போகிறவரோடு உட்கார்ந்து வரையும் பழக்கம் அந்த வழியில் வந்தது. குடும்பங்களோடு பேசி, அவரவர் தேவைக்கும் மனையின் அமைப்புக்கும் ஏற்ப வரைபடம் மாறியது. இதற்கு நேரமும் ஆளும் கூடுதலாகத் தேவைப்பட்டன. ஒரே அச்சில் நூறு வீடு வார்ப்பதற்கும் நூறு வீட்டுக்காரரோடு பேசிக் கட்டுவதற்கும் மேற்பார்வைச் செலவு ஒன்றாக இருக்காது. அந்தச் செலவைத் தாங்கக்கூடிய அமைப்பு, மீனவர்களோடு முன்பே பல ஆண்டு வேலை செய்த அமைப்பு, அங்கே இருந்தது. எல்லா ஊருக்கும் அப்படி ஒன்று வாய்க்கவில்லை என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

குஜராத் வேறு வழியில் போனது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மாநில அரசு பணத்தைத் தவணை தவணையாக வீட்டுக்காரர் கையில் கொடுத்தது. அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. கொத்தனார்களுக்கு நிலநடுக்கம் தாங்கும் கட்டுமுறையில் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலான குடும்பங்கள் இந்த வழியைத்தான் எடுத்தன. பழைய மரச் சட்டத்தையும் கல்லையும் மீண்டும் பயன்படுத்தின. இருந்த இடத்திலேயே கட்டிக்கொண்டன. இரண்டையும் ஒப்பிட்டால் என் தராசு குஜராத் பக்கம் சாய்கிறது. அதற்காக அதைக் குறையற்றது என்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரருக்குப் பணம் என்றால், வீடு சொந்தமாக இல்லாத வாடகைக் குடும்பம் பின்தள்ளப்படுகிறது. புஜ் நகரில் அதுதான் நடந்தது. தமிழகக் கடற்கரையில் பலரிடம் பட்டாவே இல்லாததால், அந்த முறையை அப்படியே பெயர்த்து வந்து நட்டிருக்கவும் முடியாது. ஆனால் சொந்த மனையில் நல்ல வீடு வைத்திருந்தவருக்காவது பழுதுபார்க்கும் பணத்தைக் கையில் கொடுத்திருக்கலாம்.

அவசரத்தைக் காரணம் காட்டும் வாதம் எனக்கு அவ்வளவு வலுவாகப் படவில்லை. தார்த் தகட்டுக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் பெரிது என்பது சரி. ஆனால் இடிக்காத வீட்டுக்குக் கொட்டகையே தேவைப்பட்டிருக்காது. அவசரமாக வாங்கிய தாழ்வான நிலத்தில் மழைநீர் தேங்கிய புதுக் குடியிருப்புகளும் உண்டு. அந்த ஊரில் மாடு மேய்த்த யாரைக் கேட்டிருந்தாலும் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஒரு நிமிடத்தில் காட்டியிருப்பார்.

200 மீட்டர் விதியைப் பற்றி மீனவர்களுக்கு ஆரம்பம் முதலே ஐயம் இருந்தது: நம்மை உள்ளே தள்ளிவிட்டுக் கரையை வேறு யாருக்கோ கொடுப்பார்கள் என்று. அப்போது அதை அறியாமை என்று ஒதுக்கினார்கள். 2019-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கடற்கரையில் கட்டுமானத் தடைப் பரப்பை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. பாதுகாப்புக்காக மீனவரை நகரச் சொன்ன கோடு, பின்னர் இன்னும் பலர் கட்டிக்கொள்ள வசதியாக நகர்ந்தது. மனையை ஒப்படைக்கத் தயங்கியவர்களின் பேச்சு பங்கேற்புக் கூட்டங்களில் பதிவாகி, அதற்கு எழுத்தில் பதில் சொல்லும் கடமை அரசுக்கு இருந்திருந்தால், இன்று அந்தப் பதிலை எடுத்துக் கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. தமிழகத்தின் மறுகட்டுமானம் மனை உரிமையில் வென்றது, எண்ணிக்கையில் வென்றது. வீடு என்ற அளவிலும் சூழல் என்ற அளவிலும் தோற்றது. தோற்றதற்குக் காரணம் மக்களைக் கேட்காததல்ல. இடமும் வடிவமும் காண்ட்ராக்டரும் முடிவான பிறகு, ஊரில் ஏற்கெனவே அதிகாரம் உள்ளவர்களை மட்டும் கேட்டதுதான். பெண்கள், தலித்துகள், இருளர்கள் ஆகியோரைத் தனித்தனியே, மனை அளப்பதற்கு முன்பே சந்திக்காத எந்தப் பங்கேற்பையும் பங்கேற்பு என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கூடவே வேண்டும். அது இல்லாமல் நடத்தும் கூட்டம் கண்துடைப்பு.

சட்டம் இதற்கு எதிர்த் திசையில்தான் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களும் நகரியங்களும் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். ஆனால் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அவற்றுக்கு விலக்கு. சுரங்கத்துக்குப் பொதுவாகக் கூட்டம் உண்டு, ஆயிரக்கணக்கானோர் குடியேறும் அடுக்குமாடித் தொகுதிக்கு இல்லை. அந்த விலக்கை முதலில் நீக்க வேண்டும். அடுத்து, பொதுப்பணத்தில் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பின் மதிப்பீட்டிலும், கம்பிக்கும் சிமெண்டுக்கும் இருப்பதைப் போல, குடும்பங்களோடு உட்கார்ந்து வரைபடம் திருத்துவதற்கும், ஒரு மாதிரி வீடு கட்டி அதில் குறை கண்டு மாற்றுவதற்கும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் செலவானதற்கும் வரைபடம் எங்கெங்கே மாறியது என்பதற்கும் கணக்குக் காட்டாதவருக்கு அடித்தளம் தோண்ட அனுமதி தரக் கூடாது.