லிலித்தும் பெரியாச்சியும்

அச்சந்தரும் உருவங்களையெல்லாம் பேயுருவம் என ஒதுக்குவது படித்தவர் சிலரிடையே உள்ள வழக்கம். யாரை அச்சுறுத்துகிறது, யாரைக் காக்கிறது என்று கேளாமல் ஓர் உருவத்தை மதிப்பிடுதல் முறையன்று. மகப்பேற்றைப் பற்றிய அச்சத்தினின்று எழுந்த இருவேறு மக்களின் உருவங்களை ஒப்பிட்டால் இவ்வுண்மை விளங்கும்.

யூதர் கதைகளில் லிலித் என்பவள் பச்சிளங் குழந்தைகளுக்கு ஊறு செய்யும் பெண்பேய். இடைக்கால நூலான 'பென் சீராவின் அகரவரிசை' அவளை ஆதாமின் முதல் மனைவி என்கிறது. அடங்க மறுத்துப் பிரிந்த அவள், தேடிவந்த வானதூதர் மூவரிடம், அவர்தம் பெயரைக் காணுமிடத்தில் குழந்தையைத் தீண்டுவதில்லை என உறுதி கூறினாளாம். அப்பெயர்களை எழுதிய தாயத்துகள் இதனால் எழுந்தன. 1701இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ராசியேல்' நூலில் அம்மூவரும் பறவை போன்ற எளிய கோட்டுருவங்களே. ஈராக்கில் கிடைத்த பழைய மண்கிண்ணங்களிலோ, சுருளாக எழுதிய மந்திரத்தின் நடுவே விலங்கிட்ட பேயைக் காணலாம். இங்கே தீமைக்கு உருவம் உண்டு; காவலுக்கு எழுத்தே முதன்மை.

ஈராக்கின் பக்தாத் வழிவந்த யூதர், சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் 1878இல் தொழுகைக்கூடம் எழுப்பினர். அங்கிருந்து தொலைவிலில்லாத சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் பெரியாச்சி வீற்றிருக்கிறாள். காலடியில் அரசன், மடியில் வயிறு கிழிந்த அரசி, உயர்த்திய கையில் குழந்தை. மண்ணைத் தொட்டால் நாட்டுக்குக் கேடு என்னப்பட்ட அக்குழந்தையை ஏந்திய மருத்துவச்சி அவள் என்பர். இங்கே கோரம் முழுவதும் காப்பவளிடமே உள்ளது.

தாயரைக் காப்பவள் ஒரு தாயின் வயிற்றைக் கிழிப்பதேன் என்று வினவலாம். தக்க வினாவே. கொடியவன் மனைவி என்னும் விடை போதாது. குருதி படிந்த கையே உயிரையும் ஏந்தும் கை; பிறப்பின் இவ்விரு நிலையையும் சிற்பி மறைக்கவில்லை என்பதே என் கருத்து. லிலித்தின் தாயத்து ஆபத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்த முயல்கிறது. பெரியாச்சி ஆபத்தின் நடுவே அமர்ந்து குழந்தையை மேலே தூக்குகிறாள்.

பொங்கோல் அடுக்குவீடுகளில் வளரும் மாணவர், தாம் குழந்தையாயிருந்தபோது அச்சந்நிதிக்குக் கொண்டுசெல்லப்பட்டதை வீட்டார் சொல்லக் கேட்டிருக்கலாம். அவர்கள் வினவும்போது, "அது பேய்" என்று கடந்துவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஒவ்வொரு கையும் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கலையாராய்ச்சியின் முதற்பாடம் அதுவே.