மாதிரியும் முகமும்

உருவப்படம், ஃபேஷன் படம் என்று இரண்டு தனித் தாள்களாகப் புகைப்படம் இன்று கற்பிக்கப்படுகிறது. முதலாவதில் முகம் பிரதானம், உடை துணை. இரண்டாவதில் உடை பிரதானம், முகம் துணை. இந்தப் பிரிவினையை ஆசிரியர்களும் மாணவர்களும் யாதொரு சந்தேகமுமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மும்பையில் இது செல்லுபடியாகலாம். கோட்டாற்றில் ஆகாது என்பது என் கட்சி.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியான இந்த மண்ணில் ஒருத்தி என்ன உடுத்தலாம் என்பதைத் தையற்காரன் தீர்மானிக்கவில்லை. சாதி தீர்மானித்தது, அரசாங்கம் அதற்குக் காவல் நின்றது. நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காக 1822இலிருந்து அலை அலையாக நடத்திய தோள்சீலைப் போராட்டம், 1858 டிசம்பரிலும் 1859 ஜனவரியிலும் கலகமாக வெடித்தது. 1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அரசு ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதன் சாரம் இது: கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறெப்படியும் மார்பை மறைக்கலாம், உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது.

அந்த 'மாதிரி'யில்தான் விஷயம் இருக்கிறது. தடை துணிக்கு அல்ல, சாயலுக்கு. ஃபேஷன் என்றால் என்ன என்பதை இந்த விளம்பரத்தை எழுதிய கை, இன்றைய வர்ணப் பத்திரிகைகளைவிடத் தெளிவாக அறிந்திருந்தது: ஒருவர் மாதிரி இன்னொருவர் தோன்றுவது. உருவப்படம் என்பதும் ஓர் ஆளின் மாதிரிதான். ஃபேஷன் படத்தில் நிற்பவளை மாடல் என்கிறோம். தமிழில் சொன்னால் அதுவும் மாதிரியே. பாரிஸில் டிஸ்டேரி கைக்கடக்கமான உருவப்படத்துக்குக் காப்புரிமை பெற்றது 1854இல். சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியது 1856இல். அலெக்ஸாண்டர் ஹண்டரின் கலைப்பள்ளியில் புகைப்படம் கற்பிக்கத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். ஆக, நம் பக்கத்தில் முகத்தைப் பிடிக்கும் கருவியும் உடையைப் பற்றிய சண்டையும் சமகாலத்தவை. இரண்டையும் பிரித்துப் பாடம் நடத்துவது சரித்திரத்தை அறியாததன் விளைவு. 'சாதி, மோதல், உடை மாற்றம்' என்ற பகுதியை 2016இல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புத் தேர்விலிருந்து விலக்கியது. 2019இல் அந்த அத்தியாயமே சரித்திரப் பாடநூலிலிருந்து போய்விட்டது. நமது புகைப்படப் பாடத்திட்டங்களுக்கு அந்தச் சிரமம் நேரவில்லை. அவற்றில் அது இருந்ததே இல்லை.

ஜான் பெர்ஜர் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையை இங்கே எதிர்கொள்ள வேண்டும். நடனத்துக்குப் போகும் வழியில் கோட்டும் கைத்தடியுமாக நிற்கும் மூன்று இளம் ஜெர்மானிய விவசாயிகளை ஆகஸ்ட் ஸாண்டர் 1914இல் எடுத்த படம் அவருக்கு ஆதாரம். கோட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்யும் வர்க்கத்தின் உடலுக்கு வெட்டப்பட்டது. உழைத்துத் திரண்ட உடலில் அது கோணுகிறது. அதை ஆசைப்பட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் உழவன், தன்னை என்றென்றைக்கும் இரண்டாந்தரமாகக் காட்டும் ஓர் அளவுகோலுக்கு உடன்படுகிறான் என்பது அவர் வாதம். அபாரமான கட்டுரை. துணியின் மடிப்பில் வர்க்கத்தைப் படிக்க முடியும் என்று காட்டியவர் அவர். ஆனால் அந்த முடிவை அப்படியே கொண்டுவந்து கோட்டாற்று ஸ்டூடியோ ஒன்றில் மாட்டிவிட முடியாது.

பழைய ஸ்டூடியோக்களில் பவுடர் டப்பா, சீப்பு, கண்ணாடி இவற்றோடு ஆணியில் ஒரு கோட்டும் தொங்கும். வருகிற யார் உடம்புக்கும் அது சரியாக இராது. தோள் புடைத்து நிற்கும். கை விரல்களை மூடும். பெர்ஜரின் கண்ணுக்கு இது சரணாகதி. மேலாடை போடுவதே குற்றமாயிருந்த மண்ணில் பொருந்தாத கோட்டுக்குள் நின்று பொத்தானிட்டுக்கொள்கிறவனை நான் அப்படிப் படிக்க மாட்டேன். தாத்தாவுக்கு மறுக்கப்பட்டதைத் தான் போட்டுக்கொண்டதற்கு அவன் சாட்சி வைக்கிறான். பொருத்தமின்மைதான் அந்தச் சாட்சியத்தின் பலம். கழுத்துவரை மூடிய ரவிக்கையோடு நாற்காலிக் கையை இறுகப் பற்றிக்கொண்டு லென்ஸை வெறிக்கும் கிழவியின் படம், இந்தப் பக்கத்து வீட்டுச் சுவர்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. 'சிரிக்காண்டாம், அப்படியே இரியுங்க' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவள் அப்படியே இருந்திருக்கிறாள். இது உருவப்படமா, ஃபேஷன் படமா? கேள்வியே அபத்தமாகிவிடுகிறது.

மாலியில் செய்து கெய்த்தா 1948இல் பமாக்கோவில் திறந்த ஸ்டூடியோவுக்கும் இது பொருந்தும். கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ எல்லாம் அவரிடம் இரவலுக்கு இருந்தன. ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் எடுத்தார். இரவல் பொருள்களுக்கு நடுவே சொந்தமாக இருந்தது நிற்கும் தோரணை மட்டுமே.

இன்றைய மாணவர்கள் எடுப்பதைப் பார்க்கலாம். முட்டம் கடற்கரை, மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை. கல்யாணத்துக்கு முந்திய படங்கள். நீண்டு பறக்கும் கவுன். பின்னணியைக் கரைத்துவிடும் லென்ஸ். இவற்றை மொத்தமாகத் தள்ளிவிடுவது சுலபம், நியாயமல்ல. தாலி கட்டுமுன் ஜோடியாகத் தொட்டுக்கொண்டு, பெற்றோர் அறிய, பட்டப்பகலில் நிற்பது இந்த ஊரில் சாமான்யக் காரியம் அல்ல. அங்கேயும் ஏதோ ஒரு கோடு தாண்டப்படுகிறது. ஆனால் தாண்டியவர்களின் தயக்கமோ துணிச்சலோ படத்தில் இல்லை. சினிமாப் பாட்டிலிருந்து எடுத்த ஒரு சாய்வு, ஒரு திரும்பல் அவர்கள்மேல் போர்த்தப்பட்டிருக்கிறது. ஸ்டூடியோக் கோட்டு பொருந்தாமல் இருந்ததால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. இந்தத் தோரணை கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது.

பிலிமா, டிஜிட்டலா என்ற பட்டிமன்றத்துக்கு வருகிறேன். பிலிமின் மேல் இப்போது பெருகும் பக்தியும் ஒரு ஃபேஷன்தான். அந்தக் காலத்துப் படம் பொய் சொல்லாது என்பவர்கள், நெகட்டிவின்மேல் பென்சிலால் அம்மைத் தழும்பை நிரப்பிய ரீடச்சிங்காரரை மறந்துவிட்டார்கள். பிலிமில் மாணவன் கற்க வேண்டியது வேறு. 120 ரோலில் சதுரப் படம் பன்னிரண்டு. மேலிருந்து குனிந்து பார்க்கும் காமிராவில் எடுப்பவன் தலை தாழ்கிறது. இருப்பவர் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியாது. அந்த அறியாமையில் இருவரும் சமம். டிஜிட்டலில் ஒவ்வொரு கிளிக்குக்கும் பின் எடுப்பவன் முதுகுத் திரையைப் பார்க்கிறான். எதிரில் இருக்கும் முகம் அந்த வினாடியில் அநாதையாகிறது. பிறகு அவரும் எட்டிப் பார்க்கிறார், முகத்தைத் திருத்திக்கொள்கிறார். இருபதாவது படத்தில் இருப்பது, முந்திய பத்தொன்பதையும் பார்த்துத் தன்னைத் தானே நகல் செய்த ஒரு முகம்.

வெளிச்சம் பற்றிய பாடத்தில் இதைவிடக் கனமான விஷயம் ஒளிந்திருக்கிறது. காமிரா மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் வெளிச்சம் போதவில்லை என்று அது முடிவு கட்டி, கூடுதலாக ஒளியை விட்டுக் கறுப்பைச் சாம்பலாக்கும். கறுப்பு கறுப்பாக வர வேண்டுமானால் மீட்டர் சொல்வதிலிருந்து ஏறத்தாழ ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். இதைத் தெரியாமல் செய்தால் பிழை; நம் ஊரில் தெரிந்தே செய்து அதற்கு 'பளிச்சென்று வந்திருக்கிறது' என்று பெயர் வைத்திருக்கிறோம். வர்ண பிலிமைச் சரிபார்க்க கோடாக் கம்பெனி லாபுகளுக்கு அனுப்பிய அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைப் பெண்களே இருந்தார்கள். மாதிரி என்ற சொல்லின் இன்னொரு அர்த்தம் அது. நெகட்டிவ் கூடுதல் ஒளியைத் தாங்கும், டிஜிட்டலில் உச்ச வெளிச்சம் எரிந்தால் திரும்பாது என்ற வித்தியாசத்தை மாணவன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிறான். யாருடைய தோலை அளவாக வைத்து எரிகிறது என்பதைக் கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

உதகையில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் தந்தது. அந்தத் தொழிற்சாலை நொடித்து மூடப்பட்டுவிட்டது. அதே மலையில், லவ்டேலில், 2001இல் தொடங்கிய லைட் அண்ட் லைப் அகாடமி புகைப்படத்தைத் தொழிலாகவே கற்பிக்கிறது. பண்டம் போய்ப் படிப்பு வந்திருக்கிறது. படிப்பு வந்ததில் எனக்குச் சந்தோஷமே. அதற்கு வேண்டிய மூலநூல்கள்தான் நம் கண்ணெதிரில் அழிகின்றன. டிஜிட்டல் வந்ததும் ஸ்டூடியோக்கள் கைகழுவிய முதல் சரக்கு நெகட்டிவ் பெட்டிகள். பழைய பேப்பர்காரரிடம் போனவை போக, ஈரத்தில் ஒட்டிக்கொண்டவை போக, கொஞ்சம் மிச்சம். தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி வருடிவைக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2010களில் மேற்கொண்டது. தெற்கே அதைச் செய்ய வேறு நிறுவனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கோட்டாற்றுக் கடைத்தெருவிலிருந்து காமிராப் பையோடு வெளியூருக்குப் படிக்கப் போகிற பிள்ளை, விடுமுறையில் மாடல் தேடி அலைவதற்குப் பதில் ஏதாவதொரு மூடிய ஸ்டூடியோவின் பரணில் ஏறலாம். வெள்ளைத் துணியை வெயிலில் விரித்து, ஒவ்வொரு நெகட்டிவாகத் தூக்கிப் பிடித்து, யார் என்ன போட்டுக்கொண்டு வந்தார்கள், எது சொந்தம், எது ஆணியிலிருந்து எடுத்தது என்று குறித்துக்கொண்டே போகலாம். ஒரு பெட்டிக்கு ஒரு கோடை விடுமுறை ஆகும்.