கஸ்தூரியில் எழுதிய கடிதம்

தெய்வத் தம்பதிகளின் சிருங்காரத்தைப் பாட முற்பட்ட கவிகள் நம் தேசத்தில் எண்ணிறந்தோர். ஆனால், அந்த அந்தரங்கத்தை முற்றும் அறிந்தும், அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வாசற்படியிலேயே நின்று பாடத் தெரிந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறவர் தாள்ளபாக்கம் அன்னமாசாரியர்தான். 1408-ல் கடப்பைச் சீமையில் பிறந்து, பதினாறாம் வயது தொடங்கி 1503-ல் பரமபதிக்கும் வரை திருவேங்கடமுடையானையே பாடிய அம்மகானின் சங்கீர்த்தனங்களை அத்யாத்மம், சிருங்காரம் என இரண்டாகப் பகுப்பது வழக்கம். கச்சேரி மேடைக்கு அதிகப் பரிச்சயமானவை முதல் வகை. எண்ணிக்கையில் மிகுதி இரண்டாவது. ருசியிலும் அதுவே மிகுதி என்பது என் அபிப்பிராயம்.

'ஏமொகோ' என்று தொடங்கும் பதத்தை எடுத்துக்கொள்வோம். நாயகியின் தளிர் போன்ற உதட்டில் ஆங்காங்கே கஸ்தூரி படிந்திருக்கிறது. அதைக் கண்ட தோழிக்கு, நாயகனுக்கு இவள் எழுதிய கடிதமாக இருக்குமோ என்று ஒரு சம்சயம். உதடே ஓலை, கஸ்தூரியே மை. அந்த மை முழுவதும் இருந்தாலல்லவா வாசிக்கலாம்? திட்டுத் திட்டாக மிஞ்சியிருப்பதைக் கொண்டு, கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்து வாசிக்கப்பட்டும் விட்டது என்று ஊகிக்கலாமேயொழிய, அதில் என்ன எழுதியிருந்தது என்று அறிய மார்க்கமில்லை. புருஷன் பெண்டாட்டி கடிதத்தில் மூன்றாவது மனிதருக்கு உள்ள பாத்தியதை அவ்வளவுதான்.

அடுத்து, நாயகியின் கடைக்கண் சிவந்திருப்பது தோழியின் பார்வையில் படுகிறது. கண் சிவந்தால் ஊடல் என்பது, ஊடலுவகையை நூலின் கடைசி அதிகாரமாக வைத்த வள்ளுவரைப் படித்த நமக்குப் புதிதல்ல. தோழியோ கோபம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. நாயகன் மேனியில் தைத்துவிட்ட தன் பார்வைகளை இவள் திரும்பப் பிடுங்கியபோது ஒட்டிய உதிரமோ இது என்று கேட்கிறாள். இந்தக் கற்பனையின் நயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவன் செய்த பிழை என்ன, எத்தனை நாள் பிணக்கு, யார் யாரிடம் பணிந்தார் என்பதொன்றும் நமக்குச் சொல்லப்படவில்லை. அம்பை எய்தவளே அருகில் போய் அதைப் பிடுங்கினாள் என்பது மட்டும் தெரிகிறது. மன்னிப்பு என்ற வார்த்தையை உச்சரிக்காமலே மன்னித்ததற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இப்படிப் பார்த்தும் பார்க்காதவளாய்ப் பேசும் தோழி நம் அகத்துறைகளிலும் இருக்கிறாள். அஹோபில மடத்துச் சடகோப ஜீயரிடம் பயின்ற அன்னமாசாரியருக்கு ஆழ்வார்களின் அருளிச்செயல் அந்நியமல்ல. வேங்கடத்துக்கு மேகங்களைத் தூதனுப்பிய ஆண்டாளின் ஏக்கமும் அவர் அறிந்ததே. இரண்டு மனைவியரோடு குடும்பம் நடத்தியவர் என்று அவருடைய பேரர் சின்னண்ணா எழுதிய சரித்திரம் சொல்கிறது. மனைவியருள் திம்மக்கா 'சுபத்திரா கல்யாணம்' இயற்றிய கவி. ஊடலின் இலக்கணத்தைப் புஸ்தகத்தில் மட்டும் படித்தவர் அல்லர் என்று கொள்ளலாம்.

அவர் பாடிய குடும்பமும் ரகசியங்களுக்குக் குறைந்ததன்று. பிருகு முனிவர் மார்பில் உதைத்ததும், அந்த அவமானம் பொறாத திருமகள் கோபித்துக்கொண்டு கொல்லாபுரம் போனதும், தனித்து வந்த பெருமாள் குபேரனிடம் கடன்பட்டுப் பத்மாவதியை மணந்ததும், வேறு குடும்பமானால் பெட்டியில் வைத்துப் பூட்டப்படும். திருப்பதியிலோ ஸ்தல புராணமாகத் திண்ணைக்குத் திண்ணை சொல்லப்படும். மார்பில் இலக்குமியைத் தாங்கி அவர் மலைமேல் நிற்கிறார். தாயார் கீழே திருச்சானூரில் தனிக்கோயில் கொண்டிருக்கிறாள். கார்த்திகை பிரம்மோத்ஸவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று மலையிலிருந்து புடவையும் மஞ்சளும் குங்குமமும் சீராக இறங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு, அன்னமாசாரியரின் தோழி ஏன் அவ்வளவு சாவதானமாகப் பேசுகிறாள் என்பது விளங்கும்.

இந்தப் பதங்களே நெடுங்காலம் ஓர் அறையில் அடைபட்டிருந்தன. புதல்வர் பெரிய திருமலாசாரியர் அவற்றைச் செப்பேடுகளில் பொறிப்பித்துத் திருமலைக் கோயிலுக்குள்ளேயே சங்கீர்த்தன பண்டாரம் என்னும் கல் அறையில் சேமித்தார். 1816-ல் தெலுங்கு இலக்கணம் அச்சிட்ட காம்ப்பெல் துரை, அச்செப்பேடுகளில் பழைய இலக்கண நூல் இருப்பதாகக் கேள்வியுற்று ஆராயச் செய்து, இருப்பது தோத்திரப் பாடல்களே என்று அறிந்து விட்டுவிட்டார். பாவம், துரை! 1922-ல் 2,000-க்கும் மேற்பட்ட ஏடுகள் மலையிலிருந்து திருப்பதிக்கு வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற பண்டிதர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பிக்க, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பலவற்றுக்கு மெட்டமைத்தார்.

ஏடுகளில் ராகத்தின் பெயர் இருக்கிறதேயன்றி ஸ்வரக் குறிப்பு இல்லை. ஆகவே பாடுகிறவரின் பொறுப்பு பெரிது. 'ஏமொகோ'வின் பல்லவியும் சரணங்களும் கேள்வியாகவே முடிகின்றன. சிலர் அந்த இடத்தில் துரித சங்கதிகளை அடுக்கி, குற்றம் ருஜுவாகிவிட்டது போல முழங்குகிறார்கள். தோழிக்கு அப்படி ஓர் உத்தேசம் கிடையாது. விளம்ப காலத்தில் எடுத்து, கேள்வியைக் கேள்வியாகவே விட்டு அடுத்த சரணத்துக்குப் போகத் தெரிந்த வித்துவான் அகப்பட்டால், சிருங்காரப் பதங்களை மட்டும் கொண்டே ஒரு முழுக் கச்சேரி செய்யச் சொல்லிக் கேட்கலாம்; திருப்பதியில் அதற்குச் சபை கூடாமல் போகாது.